லெப்ரகான் மாற்றி வைத்த பலகை

மார்ச் மாதத்தின் நடுப்பகுதி. காலை ஒன்பது மணி. பக்குரங்காவில் நான் வேலை செய்யும் ஆரம்பப் பள்ளியின் நூலகத்தில் கதிரைகள் எல்லாம் தலைகுப்புறக் கிடந்தன. மேசைகளின் மேல் பச்சைச் சாயத்தில் சின்னஞ்சிறு காலடிகள் ஓடின. ஜன்னல் கண்ணாடியில்கூட இரண்டு இருந்தன.

வாசலில் நின்ற எட்டுப் பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தினார்கள், அவன் வந்துவிட்டான் என்று.

அந்த அவன் வேறு யாருமில்லை, நான்தான். ஏழரை மணிக்கே வந்து கதிரைகளைக் கவிழ்த்து, சுண்டுவிரலைச் சாயத்தில் தோய்த்துத் தோய்த்து மேசை மேசையாகக் காலடி வைத்தவள் நான். ஐம்பத்தாறு வயதில், பிடித்துக்கொண்ட இடுப்போடு. இதற்காகவா மனுரேவாவிலிருந்து விடியமுன் காரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாய் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அயர்லாந்துக் கதைகளில் லெப்ரகான் என்று ஒரு குள்ளன் உண்டு. பச்சைச் சட்டை போட்டிருப்பான். தொழில் செருப்புத் தைப்பது, மற்ற நேரமெல்லாம் குறும்பு. ஒரு பானைத் தங்கத்தை எங்கேயோ ஒளித்து வைத்திருப்பான். அவனைப் பிடித்துவிட்டால் அந்த இடத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அயர்லாந்துக்காரரின் பெரிய திருநாளான புனித பேட்ரிக் நாளை ஒட்டி, பிள்ளைகள் அவனுக்குப் பொறி செய்து வைப்பார்கள். எங்கள் பிள்ளைகளும் முதல் நாள் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ஒவ்வொரு பொறிக்கும் முன்னால் குள்ளனை ஆசை காட்டிக் கூப்பிடும் ஓர் அட்டைப் பலகை இருக்கும். அதைப் பிள்ளையே எழுத வேண்டும், பிள்ளையே வாசிக்க வேண்டும். பாடமே அதுதான். இந்தப் பொறி, தொப்பி, மினுக்கத் தூள் எல்லாம் அதற்கான சோடனை.

அன்று காலை நானும் வாசிப்பு ஆசிரியையும் செய்த பெரிய குறும்பு, அந்தப் பலகைகளை இடம் மாற்றியது. ஆகவே பிள்ளைகள் தங்கள் பொறிக்கு முன்னால் நின்று, வேறொருவர் எழுதியதை வாசிக்க வேண்டும். தலைமையாசிரியரும் நாலைந்து பெற்றோரும் சுவரோரமாக நின்று பார்த்தார்கள்.

மித்ராவின் முறை வந்தது. எட்டு வயது, இரட்டைப் பின்னல், கணீரென்ற குரல். அவளுடைய பொறிக்கு முன்னால் இருந்தது சியோனே என்ற பையனின் பலகை. தடித்த ஃபெல்ட் பேனாவால் கோணல்மாணலாக இரண்டே சொல், 'ஃப்ரீ சிப்ஸ்'.

மித்ரா முதல் எழுத்துக்குக் கீழே விரலை வைத்தாள். விரலை நகர்த்திக்கொண்டே, தடங்கலே இல்லாமல், அழகான ஆங்கிலத்தில் வாசித்தாள். "மதிப்புக்குரிய குட்டிக் கனவான்களே, எங்கள் மரகத மாளிகைக்கு உங்களை அன்போடு வரவேற்கிறோம். உள்ளே தங்கமும் இன்னிசையும் காத்திருக்கின்றன."

மாளிகை வருவதற்குள் விரல் பலகையைத் தாண்டிவிட்டது. மீதியை வெறும் மேசையைத் தொட்டுத் தொட்டு வாசித்து முடித்தாள்.

அறையே சிரித்தது. தலைமையாசிரியர் கை தட்டினார். சிப்ஸை மாளிகையாக்கிய இந்தப் பிள்ளைக்கு என்ன நகைச்சுவை என்றார். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து மித்ராவும் சிரித்தாள், ஒரு விநாடி பிந்தி.

நான் சிரிக்கவில்லை. அவளுக்குப் பின்னால் நின்று அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பகிடி விடவில்லை. அந்தப் பலகையில் என்ன எழுதியிருந்தது என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

தலைகீழ் நாட்காட்டி

இந்தத் தொடரை வாராவாரம் பார்க்கிறவர்களுக்கு என் கோபம் பழகிப்போயிருக்கும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு சொல். நான் ஆசிரியை அல்ல, டீச்சர் எய்ட். ஆசிரியைக்கு உதவியாள். பென்சில் சீவுவது, மூக்குத் துடைப்பது, வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது, எல்லாம் இதில் அடக்கம்.

எனக்கு மேலே இருப்பவள் ஷிவோன். அயர்லாந்துக்காரி, என்னைவிடப் பத்து வயது இளையவள், வாசிப்பு ஆசிரியை. அவளுடைய பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் உலகத்தில் ஒருவராலும் சரியாக வாசிக்க முடியாது. வாசிப்புச் சொல்லிக்கொடுக்க வந்தவளுக்கு வாய்த்த பெயர் அப்படி.

தரம் பிரித்த புத்தகங்களைக் கண்டாலே ஓடுகிற பிள்ளைகள், கதையும் கொண்டாட்டமும் குறும்பும் இருந்தால் வாசிப்பார்கள் என்பது அவளுடைய கட்சி. தலைமையாசிரியரிடம் மல்லுக்கட்டி, தன் ஊர்க் கதைகளையும் திருநாள்களையும் வைத்து ஒரு குழுவை நடத்த அனுமதி வாங்கியிருந்தாள். எட்டுப் பிள்ளைகள். தினமும் முக்கால் மணி நேரம்.

கட்சி நல்ல கட்சிதான். ஆனால் அந்தத் திருநாள்கள் எல்லாம் பூமியின் மற்றப் பக்கத்துக்கு எழுதப்பட்டவை. பெப்ரவரி தொடக்கத்தில் புனித பிரிஜித் நாள். வசந்தம் பிறப்பதைக் கொண்டாட நாணல் புல்லில் சிலுவை முடைய வேண்டும். எங்களுக்கோ அப்போது கொளுத்தும் கோடை. நாணல் கிடைக்காமல் இங்கே வளரும் ஹரகெகே என்ற செடியின் ஓலையில் முடைந்தோம். இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் முறைப்படி நடுக் குருத்தை வெட்டக்கூடாது என்று பிள்ளைகள் எங்களுக்கே பாடம் எடுத்தார்கள். அந்தளவில் அது நல்ல நாள்தான்.

ஹாலோவீன் அதைவிட மோசம். ஆவிகள் உலவும் இருண்ட குளிர்காலத் தொடக்கம் என்று ஷிவோன் குரலைத் தாழ்த்திக் கதை சொல்வாள். வெளியே ஒக்டோபர் வெயில் பல்லைக் காட்டும். அவளுடைய ஊரில் முன்பு பூசணிக்காய் இல்லையாம், டர்னிப் கிழங்கைத்தான் குடைந்து விளக்கு செய்வார்களாம். அதையும் செய்தோம். பச்சை டர்னிப்பைக் கரண்டியால் குடைந்து பார்த்தவர்களுக்குத்தான் என் கையின் கதை புரியும்.

பொறி வைக்கும் பழக்கத்தைப் பற்றிக் கேட்டபோது மட்டும் அவள் முகத்தைச் சுளித்தாள். "என் ஊரில் யாரும் பொறி வைத்ததில்லை, ராஜி. அது அமெரிக்காவில் யாரோ தொடங்கி வைத்தது. ஆனால் ஒரு பிள்ளை ஒரு வரி எழுதுமென்றால் நான் எதையும் வைப்பேன்."

அவளிடம் எனக்குப் பிடித்தது இதுதான். அதனால்தான் மினுக்கத்தையும் பொறுத்துக்கொண்டேன். பச்சை மினுக்கம் என் காரில், தலையணையில், ஒருநாள் அவித்த புட்டில்கூட இருந்தது. இவர் புட்டைத் தட்டில் வைத்துக் கிளறிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, இண்டைக்குப் பள்ளிக்கூடத்தையும் சேர்த்தே அவிச்சனீர்?" என்று கேட்டார்.

"கொஞ்சம் முன்னாடியே குடுங்க"

மித்ராவின் தாய் கவிதா. கோயம்புத்தூர்க்காரி. கணவர் செந்தில் ஐடியில் இருக்கிறார். குழுவில் இருந்த ஒரே தமிழ்ப் பிள்ளை மித்ரா என்பதால், முதல் வாரமே கவிதா என்னைப் பள்ளி வாசலில் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க தமிழா! அப்பாடா, இப்பதான் உயிரே வந்துச்சு."

இரண்டு மூன்று வாரம் போனது. ஒருநாள் டப்பாவில் மைசூர்பாக்கோடு வந்தாள்.

"அக்கா, ஒரு சின்ன ஹெல்ப். திங்கக்கிழமை படிக்க வைக்கிற புக்கை வெள்ளிக்கிழமையே குடுத்தீங்கன்னா நான் வீட்ல கொஞ்சம் ப்ரிப்பேர் பண்ணி அனுப்புவேன். புது புக்குன்னா பயந்துக்கிறாக்கா. வயித்த வலிக்குதுங்குறா."

ஷிவோனின் சட்டம் எனக்குத் தெரியும். வாசிப்பை அளந்து பார்க்கும் புத்தகம் பிள்ளை அதற்கு முன் கண்ணால் காணாத புத்தகமாக இருக்க வேண்டும். புத்தகத்தை எடுத்துக் கொடுப்பதும் நான், பிள்ளை வாசிக்க வாசிக்கத் தாளில் சரி பிழை போடுவதும் நான்.

எனக்கு அந்த வயிற்று வலிதான் கண்ணில் நின்றது. பாவம், பிள்ளை பயப்படுகிறதே, தாய் நாலு தரம் வாசித்துக் காட்டினால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். மைசூர்பாக்கும் நன்றாக இருந்தது. கொடுத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை கொடுத்தவள் அடுத்த வெள்ளியும் கொடுத்தேன்.

மித்ரா ஏறினாள். தரம் தரமாக ஏறினாள். ஷிவோனின் சுவரில் இருந்த வரைபடத்தில் அவளுடைய கோடு மட்டும் ஏணி போல நின்றது. தலைமையாசிரியர் வரும்போதெல்லாம் ஷிவோன் அதைத்தான் தொட்டுக் காட்டுவாள். நானும் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினேன். நம்முடைய பிள்ளை என்ற பெருமை வேறு.

பொறி செய்யச் சொன்னபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். பழைய அட்டைப் பெட்டியில், பிள்ளையின் கையால், என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தோம். சியோனே சீரியல் பெட்டியில் ஓட்டை போட்டுக்கொண்டு வந்தான். இன்னொரு பிள்ளை சப்பாத்துப் பெட்டி. செந்தில் காரின் பின்கதவைத் திறந்து, ஒட்டுப் பலகையில் அறுத்த மூன்று மாடி மாளிகையை இறக்கினார். கிட்டப் போனால் தானாகவே விளக்கு எரிந்தது, இசை வந்தது, தரை திறந்தது.

"சென்சார் வச்சிருக்கேன்க்கா," என்றார் பெருமையாக. "லெப்ரகான் வந்தா தப்பிக்கவே முடியாது."

பலகை அச்சடித்து, பளபளவென்று லேமினேட் செய்யப்பட்டிருந்தது. மரகத மாளிகை, கனவான்கள், இன்னிசை.

"இதை மித்ரா எழுதினவவோ?" என்று கேட்டேன்.

"அவ சொல்லச் சொல்ல நாந்தான் டைப் பண்ணேன்," என்றாள் கவிதா. மித்ரா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எங்கள் ஆட்களிடம் எதையும் பிள்ளையின் கையால் என்று சொல்லவே கூடாது.

ரவுண்டபவுட்டில் நின்ற கதை

கவிதாவை மட்டும் சொல்லி என்ன. நான் மட்டும் திறமோ?

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் சாரதி அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டியிருந்தது. முதலில் எழுத்துச் சோதனை. எனக்கு அப்போது ஆங்கிலம் குருட்டுவாக்கில்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் படித்தவளுக்குப் பாடமாக்கத் தெரியாதா? கேள்வியையும் விடையையும் முதலிலிருந்து கடைசி வரை நெட்டுருப் போட்டேன். சமைக்கும்போது இவர் கேள்வியின் முதல் இரண்டு சொல்லைச் சொல்வார், நான் விடையை ஒப்புவிப்பேன். சோதனையில் ஒரு பிழையும் இல்லை. வீட்டில் கேசரி கிண்டிக் கொண்டாடினோம்.

அதற்கடுத்த வாரம் மனுகாவ் பக்கம் இவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினேன். ரவுண்டபவுட் என்ற வட்டச் சந்தி வந்தது. மூன்று பக்கமும் கார். யார் முதலில் போவது? வலது பக்கம் வருபவருக்கு வழிவிட வேண்டும் என்று ஆங்கிலத்தில் அட்சரம் பிசகாமல் சொல்ல என்னால் முடியும். ஆனால் அந்த வசனத்துக்கும் எனக்கு முன்னால் நின்ற வெள்ளைக் காருக்கும் ஏதாவது தொடர்பு இருக்கிறதென்று அன்றைக்கு எனக்குப் படவே இல்லை.

நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். "போவன் அப்பா!" என்று இவர் கத்தினார். நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன்.

அந்த அழுகை ஞாபகத்தில் இருந்தும் நான் அந்தப் புத்தகங்களைக் கொடுத்தேன். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

சிவப்பு ரிப்பன்

பொறி நாளுக்கு அடுத்த நாள், ஷிவோன் ஒரு கதை சொன்னாள். அவள் கதை சொல்லும்போது புத்தகம் வைத்துக்கொள்வதில்லை.

ஒரு விவசாயி லெப்ரகானைப் பிடித்துவிட்டான். தங்கம் எங்கே என்று கழுத்தை நெரிக்கிறான். குள்ளன் அவனை ஒரு பெரிய வயலுக்குக் கூட்டிப்போய் ஒரு ராக்வோர்ட் செடியைக் காட்டினான். மஞ்சள் பூப் பூக்கும் களை அது, இங்கேயும் பண்ணைக்காரர்கள் பிடுங்கிப் பிடுங்கி அலுத்துப்போகிற களை. இதன் கீழேதான் பானை என்றான். மண்வெட்டி கையில் இல்லை. விவசாயி தன் சிவப்பு ரிப்பனை அந்தச் செடியில் கட்டி, இதை அவிழ்க்க மாட்டேன் என்று குள்ளனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். திரும்பி வந்து பார்த்தால் ரிப்பன் அப்படியே இருக்கிறது. ஆனால் வயலில் இருந்த அத்தனை செடியிலும் அதே போல் சிவப்பு ரிப்பன்.

பிள்ளைகள் கெக்கட்டம் விட்டுச் சிரித்தார்கள். மித்ரா சிரிக்கவில்லை.

கதை முடிந்ததும் அவளை மட்டும் ஜன்னலோர மெத்தைக்குக் கூட்டிப்போனேன். கையில் புத்தகம் எதுவும் கொண்டுபோகவில்லை.

"நேற்று சியோனேயின் பலகையில் என்ன எழுதியிருந்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவள் தோளைக் குலுக்கினாள். கொஞ்ச நேரம் மெத்தையின் நூலைப் பிடுங்கினாள். பிறகு சொன்னது ஆங்கிலத்தில்தான், தமிழில் இப்படி வரும்: "மிஸ், அந்த மனிதன் திரும்பி வந்து பார்த்தானே, அந்த வயல். எனக்குப் பக்கத்தைத் திறந்தால் அப்படித்தான் இருக்கும். எல்லாவற்றிலும் ரிப்பன்."

நான் அவள் பக்கம் நெருங்கி உட்கார்ந்தேன்.

"அப்ப நீ எப்படி வாசிச்சனி?"

"படத்தைப் பார்ப்பேன். அம்மா சொல்லித்தந்தது ஞாபகம் வரும்." நிமிர்ந்து பார்த்தாள். "அம்மாவிடம் சொல்வீங்களா? நான் வெள்ளிக்கிழமையோடு வகுப்புக்குத் திரும்பிப் போறேன் என்று அம்மா எல்லோருக்கும் சொல்லிட்டாங்க."

ஓம், அதுதான் விஷயம். வருகிற வெள்ளிக்கிழமை பள்ளிக் கூட்டத்தில் மித்ராவைக் குழுவிலிருந்து எடுப்பதாக இருந்தது. தேறிவிட்டாள் என்ற பெயரோடு, முப்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே அவள் பக்கத்தில் உட்கார ஆள் கிடையாது. புத்தகத்தை முன்கூட்டிக் கொடுக்கவும் ஒருவரும் இருக்க மாட்டார்கள். எட்டு வயதில் வாசிக்கத் தெரியாதென்றால் எல்லோரும் உதவுவார்கள். பன்னிரண்டு வயதில் அதே பிள்ளையைச் சோம்பேறி என்பார்கள்.

நான் பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியவராது. அந்த நினைப்பு வரவில்லை என்று எழுதினால் அது பொய்.

வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள்

வியாழன் மத்தியானம், ஷிவோன் சாண்ட்விச்சைக் கடிக்கும் நேரமாகப் பார்த்துச் சொன்னேன். வாயில் சாப்பாடு இருந்தால் உடனே திட்ட முடியாதல்லவா.

"மித்ராவின் கோடு பொய். புத்தகங்களை நான் முன்கூட்டியே கொடுத்தேன். வீட்டில் பாடமாக்கிக்கொண்டு வந்தாள். நேற்று முன்தினம் அவள் பகிடி விடவில்லை, ஷிவோன். அவளுக்கு அந்த இரண்டு சொல்லும் தெரியாது."

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். "எத்தனை புத்தகம்?"

"எல்லாம்."

அவள் எழுந்துபோய்ச் சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கோட்டைக் காட்டித்தான் அடுத்த பள்ளித் தவணைக்கும் குழுவை நடத்தக் கேட்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

"நான் சிரித்தேன்," என்றாள் கடைசியில். "அந்தப் பிள்ளை தடுக்கி விழுந்தது. எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்."

என்னைத் திட்டவும் செய்தாள், அதை மறைக்க விரும்பவில்லை. நன்றாகவே திட்டினாள். புத்தக அலமாரிச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் தலைமையாசிரியர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மித்ரா குழுவிலேயே இருப்பது என்று முடிவாகியது. குழுவுக்கு இன்னும் ஒரேயொரு தவணைதான் தரலாம் என்றும் முடிவாகியது.

அன்று பின்னேரம் பிளாசா கார் பார்க்கில், சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த என்னைக் கவிதா வழிமறித்தாள். பள்ளியிலிருந்து அவளுக்குச் செய்தி போயிருந்தது.

"நம்ம ஆளுன்னு நம்பித்தானேக்கா கேட்டேன்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? இப்ப ஸ்கூல் முழுக்க எம்பொண்ணுக்குப் படிக்க வராதுன்னு ஆயிடுச்சு."

"ஸ்கூல் முழுக்க இல்லை, கவிதா. நாலு பேருக்குத் தெரியும். தெரிஞ்சாத்தானே அந்த நாலு பேரும் உதவலாம்."

"அவ தப்பே இல்லாம படிச்சாளே!"

"வாசிக்கேல்லை. ஒப்புவிச்சவ. நானும் தெரியாத மாதிரி இருந்திட்டன். என்ர பிழையும்தான், இல்லையெண்டு சொல்லேல்லை."

அவள் காரில் சாய்ந்துகொண்டு அழுதாள். "தினமும் ரெண்டு மணி நேரம்க்கா. ஒரு ஒரு வரியா நான் சொல்ல, அவ சொல்ல. நானும் அழுவேன், அவளும் அழுவா. எனக்கு வேற எப்படிச் சொல்லிக்குடுக்கிறதுன்னு தெரியல. நாங்கெல்லாம் அப்படித்தானே படிச்சோம்?"

வண்டியில் ஐஸ்கிரீம் உருகிக்கொண்டிருந்தது. அவளையும் திட்ட வேண்டும் போல் இருந்தது, என்னையும் திட்ட வேண்டும் போல் இருந்தது. வாங்கிய ரிஷ்யூ பெட்டியை உடைத்து, கண்ணைத் துடைக்க அவளிடம் கொடுத்துவிட்டு நின்றேன்.

காலைக் கடிதங்கள்

அச்சடித்த எதையும் எங்கள் ஆட்கள் பாடமாக்கிவிடுவார்கள் என்று நான் ஷிவோனுக்கு உறுதியாகச் சொல்லியிருந்தேன். ஆகவே அவள் ஒரு வேலை செய்தாள். பொறிகளை எறியவிடாமல் நூலகத்திலேயே வைத்துக்கொண்டாள். தினமும் காலையில் லெப்ரகான் ஒவ்வொரு பொறிக்குள்ளும் ஒரு கடிதம் விட்டுச் செல்வான். அன்று காலையிலேயே, கையால், அந்தப் பிள்ளைக்கென்றே எழுதிய இரண்டு வரி. முன்கூட்டி வீட்டுக்குக் கொடுக்க அதில் ஒன்றுமே இல்லை.

விடியற்காலையில் ஓடிவந்து அந்தக் கடிதங்களைப் பொறிக்குள் செருகுவது யார் என்று கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். செந்திலின் மாளிகை ஒவ்வொரு நாளும் என் கையைப் பிடித்தது. சென்சார் மட்டும் பழுதாகவில்லை.

மித்ரா அடியிலிருந்து தொடங்கினாள். ஓர் எழுத்து, அதன் ஒலி, அடுத்த எழுத்து. முதல் வாரங்களில் இரண்டு சொல்லுக்கே அவள் நெற்றி வியர்க்கும். சில நாள் கடிதத்தைக் கசக்கி எறிவாள். நான் பொறுமைசாலி என்று இந்தத் தொடரில் எங்கேயும் எழுதியதில்லை. வெளியே போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்து உட்காருவேன்.

தவணை முடியப் போகிற வாரம். வெளியே சாரல் மழை, நூலகத்தில் ஈரக் கோட்டுகளின் மணம். வந்து ஒருதரம் பாருங்கள் என்று ஷிவோன் கவிதாவைக் கூப்பிட்டிருந்தாள். கார் பார்க்குக்குப் பிறகு கவிதா என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வந்து, குட்டிக் கதிரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மித்ரா மாளிகையின் மூன்றாம் மாடியிலிருந்து கடிதத்தை எடுத்தாள். அன்று அதில் என்ன எழுதியிருந்ததென்று எனக்கும் தெரியாது. மடித்துத்தான் ஷிவோன் என் கையில் தந்திருந்தாள். இப்போது மித்ராவின் தோளுக்கு மேலால் பார்த்தேன். இரண்டு வரி. 'நான் அலமாரிக்குள் இருக்கிறேன். உன் அம்மாவுக்குச் சொல்லாதே.'

விரலை வைத்தாள். ஓர் எழுத்தாகத் தொட்டாள். நான் என்ற சொல் வந்தது. ஆங்கில வரிசையில் அடுத்தது இருக்கிறேன், அதுவும் வந்தது. அலமாரி என்ற சொல்லில் நின்றுவிட்டாள். உதட்டைக் கடித்தாள், திரும்ப முதலிலிருந்து போனாள், பிழையாகச் சொன்னாள், தலையை ஆட்டினாள், மறுபடி போனாள். கவிதாவின் கை கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தது. வாய்வரை வந்த சொல்லை அவள் விழுங்குவது எனக்குத் தெரிந்தது. கடைசியில் அலமாரி வந்தது.

இரண்டாவது வரி. உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. பாதி வழியில் விரல் நின்றது. மித்ரா தாயை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"என்னடி, அவ்ளோதானா? மிச்சத்தைப் படி."

"நோ."

"ஏன்?"

"ஐ கான்ட், அம்மா."

கவிதா என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "பாத்தீங்களாக்கா? வரல. மூணு மாசமாச்சு. முன்னாடியெல்லாம் எப்படிக் கடகடன்னு படிப்பா."

மித்ரா எழுந்தாள். எதுவுமே நடவாதது போல் மெல்ல நடந்து அறையின் மூலைக்குப் போனாள். நாங்கள் பார்க்கிறோமா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, அலமாரியின் கதவை ஒரு விரற்கடை திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். உடனே மூடிவிட்டாள். அவள் முகத்தில் வந்த சிரிப்பைக் கவிதாவும் பார்த்தாள். இந்த முறை அது பிந்தி வரவில்லை.

"ஏன்க்கா திருட்டுத்தனமாப் போய்ப் பாக்குறா? அந்த லெட்டர்ல மிச்சம் என்ன எழுதியிருந்துச்சு?"

"உங்கட மகளிட்டக் கேளுங்கோ," என்றேன். "வாசிச்சது அவ."